சர்க்கரை மாத்திரையும் காய்ச்சல் செட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரக நோய்க்கும் இதயச் செயலிழப்புக்கும் டாபாகிளிஃப்ளோசின் தருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்று. சர்க்கரைக்கென்று வந்த மாத்திரை இது. 2020-ல் வெளியான ஆய்வில் சேர்ந்த 4,304 சிறுநீரக நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரையே கிடையாது. ஆனாலும் இதைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதும், சிறுநீரக, இதயக் கோளாறால் இறப்பதும் சேர்த்துப் பார்த்தால் 39 சதவீதம் குறைந்தது. பிறகு இங்கே காப்புரிமையும் முடிந்து விலை இறங்கியதால் இன்று சாதாரணக் குடும்பங்களும் வாங்குகின்றன.

26 வருடம் மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்றவன் என்பதால் ஒரு குறை சொல்கிறேன். இதை எப்போது நிறுத்தி வைக்க வேண்டும் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சிறுநீரோடு சர்க்கரையையும் தண்ணீரையும் வெளியேற்றுவது இதன் வேலை. காய்ச்சல், வாந்தி, பேதி என்று உடம்பு வறண்டு, சோறு இறங்காமல் கிடக்கும்போதும் அது தன் வேலையை விடாது. அதனால்தான் அந்த நாட்களில் டாக்டரைக் கேட்டு நிறுத்தச் சொல்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலமும் ஏறலாம். அப்போதும் மீட்டரில் சர்க்கரை 180, 200 என்று மட்டுமே காட்டலாம். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

காய்ச்சல் வந்தால் நம்மவர்கள் முதலில் வருவது எங்கள் கடைக்குத்தான். 2022 மழைக்காலத்தில் ஒரு அம்மா வந்தார். "வீட்டுக்காரருக்கு மூணு நாளா காய்ச்சல், வாயில ஒண்ணும் வைக்கல. ஒரு செட் குடு தம்பி." பாராசிட்டமால், வலி மாத்திரை டைக்ளோஃபெனாக், ஆன்டிபயாட்டிக் லீவோஃப்ளாக்சசின், ஒரு கேஸ் மாத்திரை, எல்லாம் கத்தரித்துக் கவரில் போட்டுவிட்டேன். சில்லறை தேடி மஞ்சப்பையைக் கவிழ்த்தபோது பழைய டிஸ்சார்ஜ் சீட்டு விழுந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 2.4. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். பிரஷர் மாத்திரை டெல்மிசார்ட்டான், நீர் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் மூன்றும் எழுதியிருந்தது.

அந்த மூன்றோடு டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் வறண்ட சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். லீவோஃப்ளாக்சசின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. கிரியேட்டினினைப் பார்க்காமல் முழு டோஸ் தரக் கூடாது. அதற்குப் பதில் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் மட்டும் பாதுகாப்பா என்றால், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-லேயே எச்சரித்துவிட்டது. கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரை உடனே ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அந்தச் சீட்டு விழாமல் இருந்திருந்தால்? அதற்கு முன் எத்தனை பேருக்குக் கேட்காமலே கொடுத்தேனோ.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய ஹெச்1 அட்டவணையிலுள்ள ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதே என்று எச்சரிக்க அட்டையில் சிவப்புக் கோடும் உண்டு. மாத்திரையைத் தனியாக உரித்துக் கவரில் போட்டுவிட்டால் கோடு எங்கள் குப்பைக்கூடையோடு நின்றுவிடும்.

அடுத்த முறை இதுபோன்ற கட்டுரை போடும்போது, கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். கடைசி கிரியேட்டினின், எடுத்த தேதி, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், இவ்வளவு எழுத இடமிருந்தால் போதும். கவுன்ட்டரில் இருப்பவர் கேட்க மறந்தாலும் நீட்டிக் காட்டலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்