அந்த ஆட்டோ அண்ணனுக்கு

சில வருடங்களுக்கு முன், திருக்கார்த்திகை அன்று காரைக்குடியில் நல்ல மழை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. கானாடுகாத்தானில் ஆச்சி தனியாக இருந்தார். கேட்டதும் ஆட்டோவை எடுத்தீர்கள் அண்ணே.

வந்தால் தெருவில் கரண்ட் இல்லை. ஆச்சி ஏற்றிய அகல்கள் காற்றில் அணைந்துகொண்டே இருந்தன. நீங்கள் கிளம்பியிருக்கலாம். திண்ணைத் தூண் மறைவில் அகல்களை நகர்த்தி, திரியை நுனிவிரலால் உள்ளே இழுத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றினீர்கள். அப்புறம் மீதி அகல்களைத் தட்டோடு வாங்கிக்கொண்டு, பூட்டிக் கிடந்த வீடுகளின் வாசல்படிகளிலும் வைத்தீர்கள். "ஆள் இல்லேன்னா வாசல் இருட்டா கிடக்கணுமா ஆச்சி?" என்றீர்கள். சென்னைக்கும் மலேசியாவுக்கும் போனவர்களின் வீடுகள் அவை. ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது வருடாவருடம் எங்கள் தெருவில் பூட்டிய வீடுகளுக்கும் விளக்கு உண்டு. எண்ணெய்க்கு வெளியூரிலிருந்து பணம் வருகிறது. கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் நாங்கள் நகரத்தார் கும்பிடும் பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் வைத்து ஏற்றும் நூல்திரி) எடுத்துக்கொள்ள வருபவர்கள், இதை ஆரம்பித்தது யார் என்று கேட்கிறார்கள். உங்கள் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

ரொம்ப நன்றி அண்ணே. இந்தக் கார்த்திகைக்குக் குடும்பத்தோடு வாருங்கள், ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுடுவதாகச் சொல்லியிருக்கிறார்.