ஊருணிக்கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடிப் பக்கத்து மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதத்தில் இரண்டு வாரம் உங்கள் தெருக்களில் டேப்பும் பலகையுமாக நடந்த கட்டடக்கலை, நகர வடிவமைப்புக் கோடைப் பள்ளியின் படங்கள் சுத்தப்பிரதியாகிவிட்டன. மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய பள்ளி இது. மாணவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு வீடுகளின் முழு அளவைப் படங்கள், ஒரு தெருவின் நீள்வெட்டுப் படம், ஓர் ஊருணியின் வரத்துக்கால் (தண்ணீர் வந்து சேரும் கால்வாய்) மட்டங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. அவற்றில் உங்கள் திருத்தம் படாத தாள் ஒன்றுகூட இல்லை. பெயர் போடாமல், யார் எந்த வேலையைத் திருத்திக் கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லி எழுதுகிறோம். அடுத்து வேறு ஊரில் அளக்கப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று கணக்குகளையும் விடாமல் சேர்த்திருக்கிறோம்.

முதல் நன்றி, சாவிகளைத் திரட்டிக் கொடுத்த ஆச்சிக்கு. செட்டிநாட்டு வீடு பல பங்காளிகளுக்குப் பொது. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகள் அந்தக் கணக்கில் பிரிந்திருக்கும். ஓர் அறையின் சாவி சென்னையில் இருக்கும், இன்னொன்று மலேசியாவில் இருக்கும். முகப்பிலிருந்து அடுப்படி வரை, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில் ஓர் அறை பூட்டிக் கிடந்தாலும் வரைபடம் முழுமை பெறாது. வெளிச்சுவரின் நீளத்துக்கும் உள்ளளவுகளின் கூட்டுத்தொகைக்கும் வரும் வித்தியாசம் சுவர்க் கனமா, நாம் பார்க்காத அலமாரிக் குழியா என்று சொல்ல முடியாது. ஆச்சி ஒவ்வொரு பங்காளிக்கும் போன் போட்டுக் கேட்டு, அறைகளை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள்: படம் எடுக்கலாம் என்பவை, அளவு மட்டும் எடுக்கலாம் என்பவை, வாசலோடு நிற்க வேண்டியவை. அனுமதிக் கடிதத்தில் இந்தப் பிரிவு முதலிலேயே இருக்க வேண்டும். "வீட்டை அளக்கிறோம்" என்று மொத்தமாக எழுதி வருவது வீட்டுக்காரர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அடுத்தது கொத்தனார் அண்ணனுக்கு. முற்றத்து மழைநீர் வெளியேறும் தூம்பின் வாய், முற்றத்துத் தரையைவிட 4 செ.மீ. உயரத்தில் இருப்பதாக முதல் நாள் லெவல் டியூப் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) காட்டியது. அப்படி இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் முற்றத்தில் தண்ணீர் கட்டி நிற்க வேண்டும். நிற்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் டியூபைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வளைவு ஒன்றில் காற்று நின்றது. முற்றத்து வெயிலில் டியூப் கிடந்ததால் தண்ணீர் சூடாகி, அதில் கரைந்திருந்த காற்று பிரிந்து குமிழாகத் திரண்டிருந்தது. டியூபின் உட்புறத்தை அடைத்துக்கொண்டு குமிழ் நின்றால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வராது. அவர் சொல்லிக் கொடுத்த முறை இது: வாளியை உயரத்தில் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் மூழ்கவிட்டு, மறு முனையை உறிஞ்சித் தண்ணீரை ஓடவிட வேண்டும்; செம்பால் ஊற்றக்கூடாது. டியூபை நிழலிலேயே போட்டு இழுக்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கு முன்னும் பின்னும் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மட்டம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மாறினாலும் அந்த அளவைக் கிழித்துப் போட வேண்டும். மறுநாள் அதிகாலையில் எடுத்தபோது தூம்பு வாய் முற்றத்தைவிட இரண்டரை செ.மீ. தாழ்வாகவே இருந்தது.

டேப்புக்கும் இதே வெயில்தான் பகை. 30 மீட்டர் இரும்பு டேப் 20 டிகிரி வெப்பத்துக்குச் சரியாக இருக்கும்படி செய்யப்பட்டது. வெயிலில் கிடந்து 50 டிகிரிக்கு ஏறினால் ஒரு செ.மீ. நீண்டுவிடும், வீடு அந்த அளவுக்குக் குட்டையாகப் பதிவாகும். அதனால் நீள அளவுகளை எல்லாம் காலை ஏழு மணிக்குள் முடித்தோம். கொல்லைக் கதவை ஐந்தரைக்கே திறந்துவைத்த காவல்கார ஐயா இல்லையென்றால் இது நடந்திருக்காது. லேசர் கருவி வளவில் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. பளபளக்கும் தேக்குத் தூணிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாகப் பூசிய சுவரிலும் ஒளி சரிந்து பட்டால் வேறெங்கோ தெறித்துப் போகிறது. வெள்ளை அட்டையைத் தூணில் ஒட்டி, அதன்மேல் அடித்த அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆசாரி ஐயா செய்த உதவி ஐந்து நிமிடப் பேச்சு. படத்தின் பொருளே அதில் மாறிவிட்டது. தாழ்வாரத் தூண்களின் இடைவெளியை மாணவர்கள் 2,515, 2,512, 2,518 மில்லிமீட்டர் என்று எழுதி, ஒழுங்கில்லாத கட்டுமானம் என்று குறிப்பு வைத்திருந்தார்கள். தாளைப் பார்த்த ஐயா, "அங்குலத்துல சொல்லுங்க தம்பி" என்றார். 99 அங்குலம். தச்சு முழம் ஒன்றுக்கு 33 அங்குலம். இடைவெளி சரியாக மூன்று முழம். மிச்சமிருந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு நூல் அளவுள்ள கைவேலைப் பிசகு.  இப்போது எல்லாப் படங்களிலும் மில்லிமீட்டருக்குக் கீழே முழக் கணக்கும் இருக்கிறது.

சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சாந்து குழைப்பது, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பான கல்லால் தேய்ப்பது எல்லாவற்றையும் பூச்சு மேஸ்திரியும் சித்தாள் அக்காக்களும் செய்து காட்டினார்கள். மாணவர்கள் பூசிய பலகையில் மேல் பூச்சு வலைவலையாக வெடித்தது. அடிப்பூச்சு முழுக்கக் காய்ந்துபோய் மேல் பூச்சின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதுதான் காரணம். நனைத்துவிட்டுப் பூசிய இரண்டாவது பலகை நன்றாக வந்தது. பழைய சுவரில் சிமெண்டால் ஒட்டுப்போட்ட இடங்களைச் சுற்றி உப்புப் பூத்து உதிர்வதையும் மேஸ்திரி தட்டித் தட்டிக் காட்டினார். சுவருக்குள் இருக்கும் ஈரம் சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல், ஓரத்துச் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் (டைல்) போடும் பட்டறைக்காரர்களுக்குத் தனி நன்றி. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிமெண்டும் மணலும் வண்ணமும் கலந்த குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். குழம்பு நீர்த்துப் போனால் அச்சைத் தூக்கியதும் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். இறுகிப் போனால் மூலைக்குப் போகாமல் ஊசித்துளை விழும். அச்சைத் தூக்கும் கை நேராக மேலே போக வேண்டும், அரை அங்குலம் சாய்ந்தாலும் இதழ் கோணும். பிறகு உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவுவது, வண்ணத்தில் மிஞ்சிய ஈரத்தை அது குடித்துக்கொள்வதற்காக. அதை ஒரே சீராகத் தூவாமல் மேலே ஈரச் சாந்தை வைத்து அழுத்தினால் பூவே இடம் பெயரும். கண்ணாடியில் பட்ட விரல் ரேகைகூடக் கல்லின் முகத்தில் தெரிந்தது. தொட்டித் தண்ணீரில் ஊறியபின் கண்ணாடி தானாக விட்டு வருவதைப் பார்க்கவே கோடைப் பள்ளி முடிந்த பிறகும் சிலர் தங்கினார்கள். உங்கள் வேலை நேரத்தையும் கண்ணாடிகளையும் கணக்குப் பார்க்காமல் கொடுத்தீர்கள்.

ஊருணியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நகர வடிவமைப்புக் குழுவின் முழு வேலையும் அங்கேதான் இருந்தது. வடக்கே ரோட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய குழாயைத்தான் வரத்து என்று குழு முதலில் வரைந்தது. கரையில் ஆடு மேய்க்கும் ஐயா வந்து, அது மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்குப் பக்கம் என்றார். மேற்கே முள்ளுக்கும் குப்பைக்கும் அடியில், செம்புராங்கல் சுவரில் தண்ணீர் விழுந்து விழுந்து தேய்ந்த தடத்தைக் கம்பால் சுரண்டிக் காட்டினார். அங்கே தோண்டியபோது வரத்துக்காலும், வண்டல் தங்குவதற்காக ஊருணிக்கு முன்னால் விட்டிருந்த குழியும் வெளிப்பட்டன. கால்வாயின் நீளம் 180 மீட்டர், மொத்த இறக்கம் 36 செ.மீ., அதாவது 500-க்கு 1. இவ்வளவு மெல்லிய சரிவில் 10 செ.மீ. மண் ஓரிடத்தில் மேடிட்டால் மேற்புறம் 50 மீட்டருக்குத் தண்ணீர் தேங்கிவிடும்.

இதைவிடப் பெரிய அடைப்பு ரோடுதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் முகப்புப் படிகளில் இரண்டு மண்ணுக்குள் போய்விட்டன. ஐந்து படி இருந்ததற்கு வீட்டுக்காரர்கள் எடுத்துக் கொடுத்த பழைய கல்யாண போட்டோதான் சாட்சி. தெருத் தண்ணீர் இப்போது கால்வாய்க்குப் பதில் வீட்டு வாசலைத் தேடி வருகிறது. தெருவுக்கும் ஊருணிக்குமாக நாங்கள் வரைந்த திட்டத்தின் முதல் வரி இதனால்தான் "அடுத்த முறை ரோடு போடும் முன் பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும்" என்று ஆனது. அதற்கு முன் அந்த இடத்தில் நடைபாதை, இருக்கை, விளக்கு என்று வரைந்திருந்தார்கள். ஊருணித் தரையைக் கான்கிரீட் போட்டு மூடினால் சுற்றுக் கிணறுகளுக்கு ஊற்று இருக்காது என்று தண்ணீர் எடுக்க வந்த அக்காக்கள் சொன்னதும், எந்தப் படித்துறை குடிநீருக்கு, எது மாட்டுக்கு என்று பிரித்துக் காட்டியதும் படத்தில் அப்படியே ஏறியிருக்கின்றன.

மோர்ப்பானையை நிழலில் வைத்த கடைக்காரர், தங்க இடம் கொடுத்த பள்ளிக்கூடம், கேட்காமலேயே பந்தல் போட்டுத் தந்த இளைஞர்கள், வெள்ளைப் பணியாரம் சுட்டு அனுப்பிய வீடுகள், எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

படங்களின் ஒரு பிரதி இரண்டு வீடுகளிலும், ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்று ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்திலும் இருக்கும். தவறு தெரிந்தால் அந்தத் தாளிலேயே சிவப்புப் பேனாவால் எழுதிவையுங்கள். படித்துறைச் சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டிருக்கிறோம். ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டது, எத்தனை நாளில் இறங்கியது என்று கரையில் இருப்பவர்கள் தேதி போட்டுக் குறித்துவைத்தால், தையில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

கோடைப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும்