குறுக்குப்பாதை தெரிந்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையகத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் பற்றித் தாங்கள் சென்ற ஞாயிறு வெளியிட்ட கட்டுரையை வீட்டில் எல்லோருமாகப் படித்தோம். ஒன்பது வளைவுப் பாலம், லிப்டன் சீட், உலக முடிவு, சிவனொளிபாதமலை எல்லாம் வந்திருந்தன. படங்களும் அழகு. அந்த இடங்களைச் சுற்றி வாழ்கிறவர்களைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து இன்றும் அங்கேயே இருப்பவள். அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்களை வளர்த்தார். சில வருடங்களாக எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசையாகக் கட்டிய தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் முதுகுப் பையோடு வெளிநாட்டவர்கள் நடந்து போகிறார்கள். அவர்கள் நடக்கிற அந்த நெடும்பாதைக்குப் பெக்கோ ட்ரெயில் என்று பெயர். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் அந்த வழியில் வருகிறது. புதிதாக வெட்டிய பாதை இல்லை இது, பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகள்தான். கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்தும், விடியற்காலையில் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) தூக்கிக்கொண்டும் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதைகள். அதில் நடக்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருவது எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

ஆனால் கடந்த தீபாவளி சமயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பின்னேரம் மூன்று மணி இருக்கும். மூட்டம் இறங்கி எதிரே இருக்கிற தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி போனில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, மண் சரிந்து நாங்களே போவதை விட்டுவிட்ட குறுக்குப்பாதையில் இறங்கப் போனார்கள். லீவில் வந்திருந்த என் அக்கா மகன் கண்டுவிட்டு ஓடிப்போய் மறித்தான். வீட்டுக்குக் கூட்டிவந்து பிளேன்டீ கொடுத்தோம். அந்த அம்மாவின் காலில் ஏழெட்டு அட்டை. சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு நடந்தால் அட்டை அவ்வளவாக ஏறாது என்று நான் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். அப்புறம் அவனே பெரிய றோட்டு வரை கொண்டுபோய் ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தான்.

அவனுக்கு இந்த மலை முழுக்கத் தெரியும். எந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது, எந்த மலைக்கு (தேயிலை நிற்கிற நிலப்பகுதியை அப்படித்தான் சொல்வோம்) இன்று மருந்து அடிக்கிறார்கள், மழை பெய்தால் எந்த ஓடையைக் கடக்க முடியாது, எல்லாமே. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்களைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வாசிக்கிறோம். சத்தம் போட்டுக்கொண்டு கூட்டமாக வருகிற பயணிகளுக்கு அது எப்படித் தெரியும்? போன் வரைபடத்தில் குளவிக்கூடு இருக்காதே. அதோடு, வேலையில் நிற்கிற பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் படமெடுக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று சொல்லவும் எங்கள் ஆள் ஒருவர் வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். அவனோடு படித்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்வதற்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நாடு முழுவதும் போகிறவர்களுக்கு ஒன்று, ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் வழிகாட்டுகிறவர்களுக்கு வேறொன்று என்று வகைகளும் உண்டு. அந்தப் பிரதேச வழிகாட்டிப் பயிற்சியைத் தோட்டப் பிள்ளைகளுக்கு அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ ஹட்டனிலோ வைத்து, தமிழில் நடத்தக் கூடாதா? ஆங்கிலம் அங்கேயே சேர்த்துப் படிப்பிக்கலாம். எங்கள் பிள்ளைகள் படிக்கப் பயந்தவர்கள் இல்லை, அறிவித்தல் கைக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். தோட்ட நிர்வாகங்களும் மலைகளுக்கு நடுவே போகிற பாதைகளில் யார் வழிகாட்டலாம் என்பதைத் தோட்டத்து ஆட்களோடு பேசி முடிவு செய்தால் நல்லது.

தமிழ் வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். லிப்டன் சீட்டுக்கு வருவதென்றால் காலையிலேயே வாருங்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு மூட்டம் மூடிவிடும். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை தொழிற்சாலை வரை பஸ் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்குச் சுமார் ஏழு கிலோமீற்றர். ஆட்டோவில் போகாமல் நடந்துதான் பாருங்கள். வழியில் லயத்து வாசல்களில் நிற்கிறவர்களிடம் பேச உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

பயிற்சிக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று அக்கா மகன் என்னிடம் கேட்டிருக்கிறான். தாங்கள் விசாரித்து அந்த விபரத்தைப் பத்திரிகையில் வெளியிட்டால் அவன் பொங்கலுக்கு வரும்போது வெட்டிவைத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி ஒருத்தி,
அப்புத்தளை.