அன்னபேதி தூவினால் கடல் விளைந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலில் இரும்பைத் தூவினால் நுண்பாசி பெருகும், அது கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும், பூமி சூடாவது குறையும் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் படித்தேன். பாதி சரி. மீதியை எழுதாமல் விட்டதுதான் வருத்தம்.

நான் திண்டிவனம் பக்கம் மணிலா, அதாவது நிலக்கடலை, போடுகிறவன். கட்டுரையில் இரும்பு சல்பேட் என்று வருகிறதே, அது வேறொன்றும் இல்லை, உரக்கடையில் நாங்கள் வாங்கும் அன்னபேதிதான். எங்கள் கொல்லையில் சுண்ணாம்பு ஜாஸ்தி, மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது, வேருக்குக் கிடைக்காது. கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான், அடித்த ஒரு வாரத்தில் செடி பச்சை கட்டிவிடும். ஒரு வருஷம் அதைப் பார்த்த சந்தோஷத்தில் விழுது மண்ணில் இறங்கும் சமயத்தில், காய்க்குள் பருப்பு திரளப் போட வேண்டிய ஜிப்சத்தைப் போடாமல் விட்டுவிட்டேன். செடி கரும்பச்சையாக நின்றது, பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பொக்கு.

தென் துருவத்தைச் சுற்றியுள்ள கடலிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் செலவாகாமல் கிடக்கின்றன, ஆனால் நிலத்துத் தூசி அவ்வளவு தூரம் அதிகம் போய்ச் சேராததால் இரும்பு இல்லை, வருகிற கொஞ்சமும் துருவாகி அடியில் இறங்கிவிடுகிறது. பாசியும் சும்மா இருப்பதில்லை. இரும்பு வைத்துச் செய்யும் ஒரு புரதத்துக்குப் பதிலாக இரும்பே இல்லாத வேறொரு புரதத்தைச் செய்து ஒப்பேற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர், இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்துகிற மாதிரி, தன் உள்வேலையையே மாற்றிக்கொள்கிறது. இதைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை ஆச்சரியம்.

அமெரிக்க விஞ்ஞானி ஜான் மார்ட்டின் 1988ல், அரைக் கப்பல் இரும்பு கொடுங்கள், பனியுகத்தையே கொண்டுவருகிறேன் என்றார். அவர் காலமான 1993லேயே கலாபகஸ் தீவுகள் பக்கம் கடலில் இரும்பைக் கரைத்துப் பார்த்தார்கள், பாசி பெருகத்தான் செய்தது. கட்டுரை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அப்புறம் நடந்ததுதான் முக்கியம், அதில் நம் நாட்டு ஆட்களுக்கும் பங்கு உண்டு.

2009ல் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்பிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து லோஹாபெக்ஸ் என்ற சோதனையைச் செய்தன. லோஹா என்றால் இந்தியில் இரும்பு. எதிர்ப்பு கிளம்பி ஜெர்மன் அரசு சில நாள் நிறுத்திவைத்து, பிறகு அனுமதித்தது. போலார்ஸ்டெர்ன் என்ற கப்பலில் போய் தென் அட்லாண்டிக்கில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் டன் கணக்கில் அன்னபேதியைக் கரைத்துவிட்டு, வாரக்கணக்கில் அந்த நீரின் பின்னாலேயே போனார்கள். இரண்டு வாரத்தில் பாசி இரண்டு மடங்கானது. அதோடு சரி. கோபிபாட் என்ற, அரிசி மணி அளவுகூட இல்லாத இறால் இனத்து உயிர்கள் வந்து மேய்ந்துவிட்டன, அவற்றைத் தின்ன அவற்றைவிடப் பெரிய உயிர்கள் வந்தன, ஆழத்துக்குப் போன கரி ரொம்பக் குறைவு.

ஏன் அப்படி? கனமாக வளர்ந்து மூழ்கக்கூடியது டயட்டம் என்ற பாசி. அதற்குக் கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு உண்டு. அந்த நீரில் இருந்த சிலிக்காவை முன்பே இயற்கையாக வளர்ந்த பாசி தின்று தீர்த்திருந்தது. இரும்பு வந்தும் டயட்டத்தால் ஓடு கட்ட முடியவில்லை, ஓடில்லாத சின்னப் பாசிகள்தான் கிளம்பின, அவை மேய்கிற உயிர்களுக்கு வசதியாகப் போயிற்று. இதே கப்பலில் 2004ல் சிலிக்கா நிறைய இருந்த சுழல்நீரில் இதே இரும்பைப் போட்டபோது டயட்டம் பெருகி, அதில் பாதிக்கு மேல் 1000 மீட்டருக்குக் கீழே இறங்கியது. மருந்து ஒன்றுதான், விளைச்சல்தான் வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரும்பு போதாத டயட்டம் நைட்ரேட்டை எடுப்பது குறைகிறதே தவிர சிலிக்காவை எடுப்பது அந்த அளவுக்குக் குறைவதில்லை, அதனால் ஓடு தடித்துப்போகிறது, நீரில் உள்ள சிலிக்கா சீக்கிரம் தீருகிறது. ஒரு சத்தின் பஞ்சம் இன்னொரு சத்தையும் காலி செய்கிறது. இவ்வளவு பின்னல் இருக்கும்போது அந்தக் கட்டுரைக்கு 'எளிய வழி' என்று தலைப்பு வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்படிப் படித்து அவசரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2012ல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு நிறுவனம் சுமார் 100 டன் இரும்பு சல்பேட்டைக் கடலில் கொட்டியது, சால்மன் மீன் பெருகும் என்று அந்த ஊர் மக்களை நம்பவைத்து. அடுத்த ஆண்டே இந்த மாதிரி வேலைகளைக் கட்டுப்படுத்த, கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் உடன்படிக்கையில் திருத்தம் கொண்டுவந்தார்கள்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையாளரையே 2004, 2009 இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். கோவா விஞ்ஞானிகள் யாரிடமாவது ஒரு பேட்டியும் எடுத்துப் போட்டால் எங்கள் ஊர் நூலகத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
மணிலா விவசாயி ஒருவர்,
திண்டிவனம் வட்டம்.