எம்பிஏ அப்ளை பண்ணுத பிள்ளைங்களுக்கு

மக்களே, நேத்து ராத்திரி ரெண்டு பேரு எஸ்ஓபி, அதான் ஏன் இந்தப் படிப்புன்னு காலேஜுக்கு எழுதுத கட்டுரை, அனுப்புனீங்க, ரெண்டுலயும் முதல் வரி ஒண்ணுதான், சின்ன வயசுலயே லீடர் ஆகணும்னு ஆசையாம், எவன் படிப்பான் இத. அதுல ஒருத்தன் தோவாளை சந்தையில விடியக்காலம் அப்பா கூட பிச்சிப்பூ எடை போட்டு, கடன் கணக்க நோட்டுல இருந்து எக்செல்லுக்கு மாத்தி, வராத பாக்கிய வாங்கிக் குடுத்தவன், அதப்பத்தி ஒரு வரி இல்ல! அத எழுதுல முதல்ல.

எம்பிஏ நுழைவுத் தேர்வுல ஜிமேட் (GMAT) ஸ்கோர் 5 வருசம் செல்லும். ஐஐஎம்முக்கு எழுதுத கேட் (CAT) அப்படி இல்ல, அந்த வருச அட்மிஷனுக்கு மட்டும்தான், ஆப்ஷன் கேள்வி தப்பானா 1 மார்க் போவும், டைப் பண்ணுத கேள்விக்கு மைனஸ் கிடையாது, சும்மா விட்டுட்டு வராதீங்க.

ஞாயித்துக்கிழம சாயங்காலம் 5 மணிக்கு நம்ம மாடியில பாப்போம், பிரிண்ட் எடுத்துட்டு வாங்க, போன்ல காட்டுனா எனக்கு கண்ணு தெரியாது.