உன் சிடி 125 ஒயில் கக்கிய கதை

கொக்குவில்,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மச்சான்,

முழங்கால் நோ குறைந்ததா? நீ விட்டுப்போன ஹொண்டா சிடி 125 மோட்டார் சைக்கிள் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது. ஆனால் ஒரு மாதமாக என்னைப் படாத பாடு படுத்திவிட்டது.

ஊர்காவற்றுறைக்குப் போய்வந்த அன்று பார்க்கிறேன், பின் ரயரில் ஒரு பக்கம் முழுக்க ஒயில். பண்ணைப் பாலத்தில் சறுக்கியிருந்தால் நேரே கடல்தான். எஞ்சின் மூச்சு விடுகிற சின்ன ரியூப் இருக்கிறதே, அதன் வாயால்தான் சொட்டுகிறது. கராஜ் பையன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பிஸ்டன் றிங் போச்சுது அண்ணை, எஞ்சின் கழட்டவேணும்." இன்னொருவர் ரியூப்பை அடைத்துவிடச் சொன்னார். நல்லகாலம், கேட்கவில்லை. மூச்சை அடைத்தால் உள்ளே அமுக்கம் கூடி, ஒயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீலைத் தள்ளிவிடும்.

இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஒன்று ஏற மற்றது இறங்குவதென்றால் அடியிலுள்ள காற்று உள்ளுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்ளும். இதில் அது ஒவ்வொரு இறக்கத்துக்கும் ரியூப்பால் வெளியே ஓடவேண்டும். ஒயில் கூடிவிட்டால் அதையும் அள்ளிக்கொண்டுதான் ஓடும்.

கூட்டியது யார்? நான்தான். சைட் ஸ்ராண்டில் இடப்பக்கம் சாய்ந்து நிற்க, வலப்பக்கத்து ஒயில் அளவுக்கம்பியைப் பார்த்து, குறைகிறதே என்று ஊற்றியிருக்கிறேன். பிறகு டபிள் ஸ்ராண்டில் நிமிர்த்தி, எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டு, கம்பியைத் துடைத்துத் திருகாமல் வைத்துப் பார்த்தால், மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது!

வடித்த ஒயிலை மணந்து பார்த்தேன். பழைய பழக்கம். தொண்ணூறுகளில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினோமே, அப்போது எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி, ஊற்றாமலே ஒயில் கூடும். மூக்குத்தான் அளவுக்கம்பி.

இப்போது ரியூப் வாயில் ஒரு சின்னப் போத்தல் கட்டியிருக்கிறேன். இரண்டு கிழமையில் ஒரு தேக்கரண்டிகூடச் சேரவில்லை. ஆனால் காலையில் கொஞ்சம் நீலப்புகை வருகிறது, ஆகவே பையன் சொன்னதும் முழுப்பொய் இல்லை. ஸ்ரான்லி வீதியில் றிங் எடுத்துவிட்டேன், எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது இடையில் வைக்கிற காஸ்கட்தான் இல்லை. நீ இருக்கிற லண்டனிலும் இந்த மோட்டார் சைக்கிள் ஓடித்திரிந்ததுதானே, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு செட் தேடிக் கொண்டுவா. அதுவரை கழற்றமாட்டேன்.

மனிசியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி