ஓடையில் கிடைத்த பாக்கெட்

அன்புள்ள முயல்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். பரீட்சை என்று காரணம் சொல்ல முடியாது, அது முடிந்தே ஆறு வாரமாகிறது. திட்டுவதாக இருந்தால் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுடி. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? தம்பி இன்னும் அந்த வயலினை வைத்துக்கொண்டு வீட்டையே படுத்துகிறானா? நான் நலம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

போன மாதம் எங்கள் இயற்கை மன்றத்தோடு ஒரு காட்டுக்குப் போனோம். 32 பேர். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நான் ஓடைக்கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். எதிர்க்கரைக் கிளையில் ஒரு மீன்கொத்தி. இருபது நிமிஷம் அதுவும் அசையவில்லை, நானும் அசையவில்லை. தண்ணீருக்கடியில் வெள்ளியாக ஏதோ மின்னியது. மீன் என்றே நினைத்தேன். மீன்கொத்தியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலைகீழாகப் பாய்ந்து, வெறும் அலகோடு மேலே வந்தது.

இறங்கிப் போய் எடுத்துப் பார்த்தால், நொறுக்குத்தீனிப் பாக்கெட். பின்பக்கம் தேய்த்ததும் தயாரித்த தேதி தெரிந்தது: 14.03.2017. முயல், அப்போது நாம் எட்டாம் வகுப்பு! நீ டெஸ்கில் உன் பெயரைச் செதுக்கி மாட்டிக்கொண்ட வருஷம். அதற்குப் பிறகு எத்தனை பரீட்சை, எத்தனை சண்டை, எத்தனை பேர் ஊர் மாறிப் போனார்கள். அந்தப் பாக்கெட் மட்டும் நேற்றுப் பிரித்தது போல உள்ளே பளபளவென்று இருந்தது. யாரோ ஐந்து நிமிஷத்தில் தின்று போட்டது.

விடுதிக்கு வந்ததும் அது ஏன் அப்படியே இருக்கிறது என்று தேடிப் படித்தேன். அந்தப் பளபளப்பு அலுமினியம். வெற்றிடத்தில் அதை ஆவியாக்கி பிளாஸ்டிக் படலத்தின் மேல் படியவைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குகூட அதற்குத் தடிமன் கிடையாது. காற்றும் ஈரமும் உள்ளே போகக்கூடாது என்பதற்கு இத்தனை பாடு. பிறகு இன்னொரு படலத்தை அதன் மேல் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியதைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு என்பதால் மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் இதைத் தொடுவதே அரிது. வெயில் பட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும். அதுவும் சின்னச் சின்னத் துகளாகுமே தவிர, இல்லாமல் போகாது. இது பெரும்பாலும் சேற்றில் புதைந்து, வெயில் படாமல் கிடந்ததால் நொறுங்கவும் இல்லை. பாக்கெட் பிறந்த அதே 2017-இல் வெளியான ஓர் ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? 2015 வரை உலகத்தில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையில் 9 விழுக்காடுதான் மறுசுழற்சி ஆகியிருக்கிறது. 12 விழுக்காட்டை எரித்திருக்கிறார்கள். மீதி 79 விழுக்காடு குப்பைமேட்டிலும் வெளியிலும் கிடக்கிறது. அதில் ஒன்று என் கையில்.

இதோடு விட்டிருந்தால் யாரோ போட்ட குப்பையைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அன்று நாங்கள் 32 பேரும் போட்டிருந்தது புது டீ-சர்ட். "இயற்கையைக் காப்போம்" என்று பச்சை எழுத்தில் அச்சடித்து, அந்த ஒரு நாளுக்காகவே மன்றம் வாங்கியது. ஒரு பருத்தி டீ-சர்ட்டுக்குச் செடி வளர்ப்பதில் தொடங்கி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 32 பேருக்குப் பெருக்கினால் 86,400 லிட்டர். ஒரு டீ-சர்ட்டுக்கான தண்ணீரில், நாளைக்கு இரண்டு வாளி குளிக்கிற நீ இரண்டு மாதத்துக்கு மேல் குளிக்கலாம். (நீ இரண்டு வாளியோடு நிறுத்துவாய் என்று வைத்துக்கொள்வோம்.) மத்திய ஆசியாவின் ஆரல் கடலைப் பூகோளத்தில் படித்தோமே. உலகத்தின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. அதற்கு வரும் அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளை 1960-களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பித் திருப்பி, பெரும்பகுதி வறண்டே போய்விட்டது. படிக்கும்போது அது எங்கோ இருக்கிற ஏரி. இப்போது அந்த டீ-சர்ட்டை மடித்து வைக்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

அடுத்த பயணத்துக்கு டீ-சர்ட் வேண்டாம், இருப்பதையே போட்டுக்கொண்டு போவோம் என்று கூட்டத்தில் சொன்னேன். "உன் கையிலும் போன் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வலித்தது. ஆனால் கேள்வி நியாயமானது என்பதால் அதையும் தேடிப் பார்த்தேன். ஒரு போனால் வெளியாகும் கரியமில வாயுவில் மிகப் பெரிய பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. அப்படியென்றால் இருப்பதை எத்தனை வருஷம் இழுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதுசு வாங்க வைத்திருந்த எண்ணத்தை விட்டுவிட்டுப் பாட்டரியை மட்டும் மாற்றினேன். நன்றாகவே ஓடுகிறது.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு மாதம், வாங்கியது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். 74 பொருள். அதில் 41 வாங்கிய அன்றைக்கே குப்பைக்குப் போனவை. எண்ணிக்கையைவிட என்னை உலுக்கியது தேதிகள்தான். சாயங்காலம் அறையில் தனியாக, மனசு சரியில்லாமல் இருந்த நாட்களில் வரிசையாக வாங்கியிருக்கிறேன். கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற குளம் வரை நடந்துவிட்டு வந்த நாட்களில் பக்கம் கிட்டத்தட்டக் காலி. ஏழு நாள் அப்படி நடந்திருக்கிறேன், ஏழு நாளும் சேர்த்து வாங்கியது மூன்றே பொருள். எனக்குத் தேவைப்பட்டது எதுவோ, அது கடையில் இல்லை.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரியும், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருக்கிறார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. ஜன்னல் வழியே தெரிந்த மரம், அவ்வளவுதான். அதைப் பார்க்க யாரும் வண்டி பிடித்துப் போகவில்லை, டீ-சர்ட் அடிக்கவில்லை. நான் காட்டுக்குப் போவதை விடப்போவதில்லை, முயல். அந்த மீன்கொத்தியை நேரில் பார்த்திராவிட்டால் இதில் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். ஆனால் குளக்கரைக்கும் அதே மரியாதையோடு போக வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு வருஷமாக அதைக் குறுக்குவழியாக மட்டுமே வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறேன். என்னை எங்கும் சுற்றிக்காட்ட வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், நாம் ஒளிந்து உட்கார்ந்த மரத்தடிக்குப் போவோம். உன் பழைய பச்சைப் பையைத் தூக்கிப் போட்டுவிடாதே, வார் அறுந்திருந்தால் நான் தைத்துத் தருகிறேன். அதற்குள் நீயும் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வை, பொய் எழுதாதே. பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து என் மேசையில் வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருகிறேன், உன் கையால் தொட்டுப் பார்.

அன்புடன்,
உன் ஆமை